ராஜா முதல் திருடன் வரை எல்லாம் உங்கப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு அம்மா எழுதுவது. நான் இங்கே வேளைக்குச் சாப்பிட்டு, கையும் காலும் சொன்ன பேச்சைக் கேட்கிற அளவுக்குச் சுகமாக இருக்கிறேன். நீயும் மாப்பிள்ளையும் அந்தக் குளிரில் காதை மூடிக்கொண்டு, சளியும் பிடிக்காமல் சண்டையும் பிடிக்காமல் நன்றாக இருக்க வேண்டும் என்பதுதான் கண் விழித்ததும் எனக்கு வருகிற முதல் நினைப்பு. போன் இருக்கும்போது அம்மா எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று யோசிப்பாய். போனில் அப்பா பேச்சை எடுத்தால் முதலில் நீ மூக்கை உறிஞ்சுகிறாய், அப்புறம் நான் உறிஞ்சுகிறேன், மாப்பிள்ளை பின்னால் நின்றுகொண்டு தண்ணி குடி தண்ணி குடி என்கிறார், யாருக்குச் சொல்கிறார் என்று தெரியாமல் இங்கே நானும் குடிக்கிறேன், பேச்சு அதோடு முடிந்துவிடுகிறது. கடிதத்தில் யாரும் குறுக்கே அழ முடியாது பார்.

போன தடவை பேசும்போது நீ கேட்டாயே, அம்மா, அப்பாவை நினைச்சாலே அந்த ஆஸ்பத்திரி முகம்தான் வருது, மூக்குல குழாயோட, வேற முகமே வர மாட்டேங்குது, உனக்கும் அப்படித்தானா என்று. நான் அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். பாலாவது பொங்குவதாவது. எனக்கும் அப்படித்தான் கண்ணு. இத்தனை வருஷம் ஒரே வீட்டில் குப்பை கொட்டிய மனுஷன், கண்ணை மூடினால் அந்தக் கட்டிலில் படுத்தபடிதான் வருகிறார், எழுந்து நடந்து வர மாட்டேன் என்கிறார். கல்யாணப் போட்டோவை எடுத்துப் பார்த்தேன், அதில் இருப்பவர் போட்டோக்காரருக்குப் பயந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிற யாரோ ஒரு ஆள். பஸ் ஓட்டிவிட்டு வீட்டுக்கு வந்து நடமாடிக்கொண்டிருந்த அந்த மனுஷன் எங்கே போனார் என்று உள்ளுக்குள்ளேயே தேடித் தேடி அலுத்துப்போனேன். அதற்குத்தான் இந்தக் கடிதம். அவர் கிடைத்துவிட்டார். எங்கே கிடைத்தார் என்று கேட்டால் நீ சிரிப்பாய். நானே இன்னும் சிரித்து முடிக்கவில்லை, எழுத்து கோணலாக இருந்தால் அதனால்தான்.

பள்ளிக்கூடத்தில் மறுபடி வேலைக்குப் போகிறேன் என்று சொன்னேன் இல்லையா. அதே தையல் அறை, அதே மெஷின். பிள்ளைகள் வளர்வதை நிறுத்துவதாக இல்லை. பிரின்சிபால் அம்மா ஸ்கர்ட்டை இறக்கு இறக்கு என்கிறார், பிள்ளைகள் ஏத்து ஏத்து என்கிறார்கள், நடுவில் நான் பிரித்து மடித்து, மடித்துப் பிரித்து, ஒரே துணியில் நான்கு தையல் தடம். இது தனியார் பெண்கள் பள்ளிக்கூடம் இல்லையா, ஊருக்கு ஒரு சட்டம் என்றால் இவர்களுக்கு ஒரு சட்டம். ஆரம்பித்த அம்மாள் அந்தக் காலத்தில் ஆண்கள் கேட்டைத் தாண்டக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார், அதை இன்னும் விடவில்லை. பிள்ளைகளைப் பார்க்க வருகிற அப்பாக்கள் கேட்டுக்குப் பக்கத்து அறையோடு சரி. குழாய் ரிப்பேர் செய்ய வருகிறவர் கையில் ஒரு மணியைக் கொடுத்துவிடுவார்கள், ஆள் வருகிறார் என்று தெரிவதற்காக அவர் அதை ஆட்டிக்கொண்டே நடக்க வேண்டும். இந்தத் தடவை வந்தவருக்கு இரண்டு கையிலும் குழாய். மணியை வாயில் கவ்விக்கொண்டு தலையை ஆட்டி ஆட்டிப் போனார். மூன்று மாடியிலும் பிள்ளைகள் ஜன்னலில் தொங்கிக்கொண்டு கைதட்டினார்கள், மனுஷன் திரும்பிப் போகும்போது இன்னும் கொஞ்சம் அழகாக ஆட்டினார்.

இப்படிப்பட்ட இடத்தில் ஆண்டு விழா நாடகத்துக்கு எட்டு வேஷம், எட்டும் ஆண் வேஷம். ராஜாவின் மோதிரம் காணாமல் போகிறது, பசிக்காகத் திருடிய ஒரு ஏழை மாட்டிக்கொள்கிறான், கடைசியில் அவனை ஜெயிலுக்கு இழுத்துக்கொண்டு போகிறார்கள். நாடக டீச்சரே எழுதியது. சின்னப் பெண்தான், என்னை அக்கா என்றுதான் கூப்பிடும். அக்கா, கடைசி சீன்ல ஹால்ல ஒரு கண்ணுகூடக் காஞ்சிருக்கக் கூடாது, அப்படி எழுதியிருக்கேன் என்று சொல்லி எனக்குப் படித்தே காட்டியது. நானும் முந்தானையில் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். ஹாலில் பரீட்சை நடந்துகொண்டிருந்ததால் மேடையில் ஏறி ஒத்திகை பார்க்க வழியில்லை, வகுப்பறையில் பெஞ்சில் உட்கார்ந்தபடியே வசனம் மட்டும் சொல்லிப் பழகினார்கள். நடையும் பாவனையும் வீட்டுப்பாடம். டீச்சர் பிள்ளைகளிடம், ஆளுக்கு ஒரு ஆம்பளையை நல்லா கவனிங்க, எப்படி நடக்கறார், எப்படி உக்கார்றார், எல்லாம் பார்த்து அப்படியே செய்யணும், இதுக்கு மார்க் உண்டு என்று சொல்லிவிட்டது.

பிள்ளைகள் ஆம்பளைக்கு எங்கே போவார்கள். எல்லாம் ஹாஸ்டல் பிள்ளைகள், லீவுக்கு இன்னும் நாள் கிடந்தது. கேட்டில் இருக்கிற வாட்ச்மேன் ஒருத்தர்தான் கண்ணில் படுகிற ஆண். எட்டுப் பேரும் மரத்துக்குப் பின்னால் நின்று அவரையே பார்த்திருக்கிறார்கள். அவர் டீயைக் குடித்தால் இவர்கள் குறித்துக்கொள்கிறார்கள், முதுகைச் சொறிந்தால் குறித்துக்கொள்கிறார்கள். மனுஷன் மிரண்டுபோய் பிரின்சிபால் அம்மாவிடம் போய், என்னம்மா இது, நான் எதுக்கு எழுந்தாலும் இதுங்களும் எழுந்துக்குதுங்க, நான் என்ன தப்பு பண்ணேன் சொல்லிடுங்க, திருத்திக்கறேன் என்று கண்ணைக் கசக்கியிருக்கிறார். அதோடு கேட்டுப் பக்கம் போகக் கூடாது என்று உத்தரவு. சொந்த அப்பாவை நினைச்சுப் பார்த்து நடிங்களேன் என்று நான்தான் சொன்னேன். அதற்கு நெட்டை, அவள்தான் ராஜா, தையலம்மா, எங்கப்பா வந்தா உக்காந்து போனையே பார்ப்பாரு, அசையவே மாட்டாரு, ராஜா அப்படி உக்காந்தா நாட்டை யாரு ஆள்றது என்று கேட்டாள். அதுவும் நியாயம்தான்.

அளவு எடுக்க ஒவ்வொருத்தியாக என் அறைக்கு வந்தார்கள். வந்தவள் எல்லாம் ஒரே கேள்வி, தையலம்மா, ஆம்பளைங்க எப்படி உக்காருவாங்க, நீங்க செஞ்சு காட்டுங்களேன் என்று. நான் வாயில் குண்டூசியோடு யோசிக்காமல் எழுந்து செய்து காட்டினேன். நாற்காலியில் உட்காருகிறதுக்கு முன்னால் பேண்டை முட்டியில் கொஞ்சம் தூக்கிவிட்டு, உட்கார்ந்து, பின்னால் ஒரு தள்ளு, முன்னால் ஒரு தள்ளு, அப்புறம் தலைக்கு மேலே கையைக் கொண்டுபோய் இல்லாத பஸ் கண்ணாடியைத் திருப்பி வைப்பது. தெரிகிறதா யார் என்று. சாப்பிட உட்கார்ந்தாலும் அப்படித்தானே உட்காருவார், சோற்றை ஓட்டிக்கொண்டு போகிற மாதிரி. தளபதியாக நடிக்கிறவள் பொடி, வகுப்பிலேயே குட்டை, அவளுக்கு நடை காட்டினேன், வராந்தா மூலையில் திரும்பும்போது வலது கையை நீட்டிக் காட்டிவிட்டுத் திரும்புவது. நெட்டைக்குத் தும்மல். பெரிதாக ஒரு தும்மல் போட்டுவிட்டு, பக்கத்தில் இருக்கிற யாரோ தும்மியதுபோல அவரை முறைப்பது. நீதிபதி வேஷக்காரி கண்ணாடி போட்டவள், ஆம்பளைங்க முடியாதுன்னு எப்படிச் சொல்வாங்க என்று கேட்டாள், பார்க்கலாம் பார்க்கலாம் என்று சொல்லிக்கொடுத்தேன். திருடனாக நடித்த வாலு, ஆம்பளைங்க வெளியே போகும்போது என்ன செய்வாங்க என்று கேட்டாள். பாக்கெட்டை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பாங்க, சட்டைப் பாக்கெட், பேண்ட் பாக்கெட், பின்னாடி பாக்கெட், அப்புறம் வாசல்வரைக்கும் போய்ட்டுத் திரும்பி, வேற ஏதாவது வாங்கிட்டு வரணுமா என்று கேப்பாங்க என்றேன். இதைக் கேட்டுவிட்டு அவள் போய் மற்றவர்களிடமும் சொல்ல, ஒருத்தி கற்றதை எல்லாரும் கற்றுக்கொண்டார்கள். எனக்கு அப்போது ஒன்றுமே உறைக்கவில்லை பாப்பா. உங்கப்பாவை நினைத்துச் செய்கிறேன் என்றுகூட நினைக்கவில்லை. ஆண் என்றால் எப்படி இருப்பான் என்று கேட்டார்கள், எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். மீசையும் அப்படித்தான். கறுப்பு நூலில் எட்டு மீசை கத்தரித்தேன், கை போன போக்கில்.

ஆண்டு விழா அன்று ஹால் நிரம்பி வழிந்தது. அப்பாக்களுக்கு அன்று ஒரு நாள் விலக்கு, மணி இல்லாமலே உள்ளே வரலாம். முன் வரிசை நடுவில் நிர்வாகக் குழுத் தலைவி அம்மா, முன்னே கோர்ட்டில் நீதிபதியாக இருந்தவராம், சிரித்து யாரும் பார்த்ததில்லையாம். நான் பக்கத்துத் திரைக்குப் பின்னால் ஊசி நூலோடு நின்றேன், மேடையில் ஏதாவது கிழிந்தால் தைக்க. பக்கத்தில் நாடக டீச்சர் கையைப் பிசைந்துகொண்டு நின்றது. திரை விலகியது. ராஜா நெட்டை கம்பீரமாக வந்து, அங்கியை முட்டியில் தூக்கிவிட்டு, சிம்மாசனத்தில் உட்கார்ந்து, பின்னால் ஒரு தள்ளு, முன்னால் ஒரு தள்ளு, கிரீடத்துக்கு மேலே கண்ணாடியைத் திருப்பி வைத்தாள். பரவாயில்லையே, நல்லா செய்யறாளே என்று நினைத்தேன். அடுத்து மந்திரி வந்து உட்கார்ந்தாள். பின்னால் ஒரு தள்ளு, முன்னால் ஒரு தள்ளு, கண்ணாடி. அடுத்து வைத்தியர். அதே தள்ளு. வியாபாரி. அதே கண்ணாடி. தளபதி பொடி, வாளை இழுத்துக்கொண்டு வந்து, மேடை மூலையில் கையை நீட்டிக் காட்டிவிட்டுத் திரும்பினாள், பின்னால் வந்த காவலாளியும் கையை நீட்டினாள். ஹாலில் முதலில் ஒருத்தர் களுக்கென்றார், அப்புறம் வரிசை வரிசையாகச் சிரிப்பு பற்றிக்கொண்டது. டீச்சர் என் பக்கம் திரும்பி, அக்கா, என்னக்கா இது, எல்லாரும் ஒரே ஆளா இருக்காங்க என்று கேட்டது. நான் அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். எட்டு மீசையிலும் இடது பக்கம் கொஞ்சம் குட்டை. உங்கப்பா பஸ் கண்ணாடியைப் பார்த்துத் தானே வெட்டிக்கொள்வாரே, எப்போதும் இடது பக்கம் கொஞ்சம் கூடப் போய்விடுமே, அதேபோல.

மேடை முழுக்க அவர். நெட்டையாக ஒருத்தர், குட்டையாக ஒருத்தர், கண்ணாடி போட்டு ஒருத்தர், குண்டாக ஒருத்தர், எல்லாரும் காலில் நிற்கிறார்கள், எல்லாருக்கும் நல்ல உடம்பு, ஒருத்தர் மூக்கிலும் குழாய் இல்லை. ராஜா தும்மினாள், மீசை பறந்துபோய் மந்திரி தோளில் உட்கார்ந்துகொண்டது, அப்படியும் விடாமல் மீசை இல்லாத வாயோடு மந்திரியை முறைத்தாள். மந்திரி என்ன செய்வதென்று தெரியாமல் பாக்கெட்டைத் தட்டிப் பார்த்தாள், உடனே சபையில் எல்லாரும் தட்டினார்கள், அரச உடையில் நான் பாக்கெட்டே வைக்கவில்லை, ஆனாலும் தட்டினார்கள். திருடன் காலில் விழுந்து, பிள்ளைங்க பசியில துடிக்குதுங்க ஐயா, விட்டுடுங்க என்று அழுதாள். நீதிபதி வசனத்தை விட்டுவிட்டு, பார்க்கலாம் பார்க்கலாம் என்றாள். சைக்கிள் வேண்டும் என்று நீ அழுதபோது சொன்னாரே, அதே இழுப்பு. எனக்கு வயிற்றில் இருந்து ஒரு சத்தம் வந்தது, சிரிப்பா அழுகையா என்று எனக்கே தெரியவில்லை. டீச்சர் பயந்துபோய் என் கையில் இருந்த ஊசியைப் பிடுங்கி வைத்துவிட்டது.

கடைசி சீன் வந்தது. ஒரு கண்ணும் காயக் கூடாது என்று டீச்சர் எழுதிய சீன். காவலாளி திருடனைக் கயிற்றால் கட்டி நான் நின்ற பக்கம் இழுத்துக்கொண்டு வந்தாள். ஹால் கொஞ்சம் அடங்கியது. வாலு திரை ஓரம்வரைக்கும் தலையைக் குனிந்தபடி வந்தாள். அங்கே நின்றாள். கட்டின கையோடு சட்டையைத் தட்டிப் பார்த்தாள், இடுப்பைத் தட்டிப் பார்த்தாள். அப்புறம் மெதுவாகத் திரும்பி, வேற ஏதாவது வாங்கிட்டு வரணுமா என்று கேட்டாள். உங்கப்பா வாசலில் நின்று கேட்பது போலவே, பாதி உடம்பு வெளியே, பாதி முகம் உள்ளே. நான் ஒண்ணும் வேண்டாம், நீங்க பத்திரமா போய்ட்டு வாங்க என்று சொன்னேன். நினைத்துச் சொல்லவில்லை கண்ணு. காலையில் அடுப்படியில் இருந்தபடி சத்தமாகச் சொல்வேனே, அப்படி வந்துவிட்டது. திரை ஓரம் தொங்கிய மைக்கு அதை ஹால் முழுக்கக் கொண்டுபோய்க் கொட்டிவிட்டது. ஜனங்கள் சிரித்த சிரிப்பில் கூரை போய்விடும் என்று நினைத்தேன். நாடகத்தில் எழுதி வைத்த வசனம் என்றே எல்லாரும் நினைத்தார்கள். ஆஸ்பத்திரியில் கடைசி நாள் நர்ஸம்மா என்னை வெளியே நிற்கச் சொல்லிவிட்டார், எனக்கு உங்கப்பாவிடம் எதுவும் சொல்ல வாய்க்கவில்லை என்று உனக்குத் தெரியும். வழியனுப்பாமலே அனுப்பிவிட்டேனே என்று இத்தனை நாளாய் அரித்துக்கொண்டிருந்தது. இப்போது சொல்லிவிட்டேன். ஊரே கேட்கிற மாதிரி, மைக்கில் சொல்லிவிட்டேன்.

விழா முடிந்ததும் தலைவி அம்மா மேடைக்குப் பின்னால் வந்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. எங்க வீட்டுக்காரரை உங்கள்ல யாருக்குத் தெரியும், அந்தப் பாக்கெட் தட்டறது அவரேதான் என்று கேட்டார். எனக்கு வந்ததே ஒரு ரோஷம். இல்லீங்கம்மா, அது எங்க வீட்டுக்காரர் என்று சொன்னேன். அவர், இல்லம்மா, அந்தத் தும்மலை நான் எங்கே கேட்டாலும் கண்டுபிடிச்சுடுவேன் என்றார். நான், தும்மலை விடுங்க, மீசையைப் பாருங்க, இடது பக்கம் பாருங்க என்றேன். பிரின்சிபால் அம்மா நடுவில் புகுந்து, ரெண்டு பேரும் முதல்ல டீ குடிங்க என்று கெஞ்சினார். தலைவி அம்மா டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, உங்கவர் இருக்காரா என்று கேட்டார். போயிட்டாருங்கம்மா என்றேன். டீ டம்ளரைக் கீழே வைத்தார். அப்புறம், என்னவரும் போயிட்டார், மேடையில எட்டு பேர் இருந்தாங்கல்ல, ஆளுக்கு நாலா எடுத்துக்குவோம், கேஸ் முடிஞ்சுது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். பொடி என் பங்குக்கு வர வேண்டும் என்று கேட்டேன், தந்துவிட்டார்.

நாடக டீச்சருக்குத்தான் மனசு ஆறவில்லை, ஒரு நாள் முழுக்க என் அறைப் பக்கம் வரவே இல்லை. மறுநாள் வந்து, அழ வைக்கணும்னு எழுதினேன், போங்கக்கா, நீங்களும் உங்க வீட்டுக்காரரும் சேர்ந்து கெடுத்துட்டீங்க என்று சொல்லிவிட்டு, அதுவே சிரித்துவிட்டது. ஆனால் மார்க் விஷயத்தில் விட்டுக்கொடுக்கவில்லை. எட்டு பேரும் ஒரே பேப்பரைப் பார்த்து எழுதியிருக்கீங்க, பாதி மார்க்தான், மீதி வேணும்னா வேற ஒரு ஆளைக் கவனிச்சுட்டு வாங்க என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டது. பிள்ளைகள் நேரே என்னிடம் வந்து, தையலம்மா, வேற ஆம்பளை இருக்காரா உங்ககிட்ட என்று கேட்கிறார்கள், கடையில் வேறு கலர் இருக்கிறதா என்று கேட்பதுபோல. எனக்குத் தெரிஞ்சது ஒருத்தர்தாண்டி, வேற ஸ்டாக் இல்லை என்றேன். அப்போது வாலு கொஞ்ச நேரம் நகத்தைக் கடித்துவிட்டு, உங்க பொண்ணு தூரதேசத்துல இருக்காங்கல்ல, அவங்களுக்குத் தெரிஞ்ச அப்பா வேற ஆளா இருப்பாருல்ல, உங்களுக்கே தெரியாத ஆளு என்று கேட்டாள்.

அவள் போன பிறகு மெஷினை மிதிக்காமல் உட்கார்ந்திருந்தேன். நிஜம்தான். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது லீவு நாளில் உன்னை டிரைவர் சீட்டுக்குப் பின்னால் உட்கார வைத்து ஊரெல்லாம் சுற்றிவிட்டு வருவார். வந்ததும் என்ன பேசினீங்க என்று கேட்டால் இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டு ஒண்ணுமில்லையே என்பீர்கள். நீ வேலை கிடைத்துக் கிளம்பிய அன்று விமான நிலையத்தில் உன்னைத் தனியாக ஓரம் கூட்டிப்போய் ஏதோ சொன்னார், நீ சிரித்தாய், நானும் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை. அந்த ஆளை எனக்குத் தெரியாது பாப்பா. அவர் உன்னிடம்தான் இருக்கிறார். என்னிடம் இருந்தவரை நான் முழுசாக எழுதிவிட்டேன், நீ இதைப் படித்துவிட்டுக் கண்ணை மூடிப் பார், நடந்து வருகிறாரா என்று. எனக்கு வருகிறார். ஆஸ்பத்திரிக்காரரும் வருகிறார், வராமல் இல்லை, ஆனால் கூட்டத்தில் ஒருத்தராகப் பின்னால் நிற்கிறார், முன்னால் நிற்கிறவர்கள் மறைத்துக்கொள்கிறார்கள். உன் ஆளையும் நீ அனுப்பி வை. கூட்டம் இன்னும் கொஞ்சம் பெரிதாகட்டும்.

மாப்பிள்ளைக்கு வயிறு சரியில்லை என்றாயே, ராத்திரியில் ஐஸ் தண்ணீரைக் கொடுக்காதே. நீயும் வேலை வேலை என்று காலைச் சாப்பாட்டை விடாதே, போனைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு தூங்காதே. உன் சித்தி உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள், உன் போன வருஷத்து ஸ்வெட்டரையும் கேட்டாள், இரண்டில் எதைக் கேட்க வந்தாள் என்று தெரியவில்லை. நீங்கள் இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல், வாய்விட்டுச் சிரித்துக்கொண்டு நூறு வயசு இருக்க வேண்டும், உங்கப்பாவும் சேர்ந்தே உங்களை வாழ்த்துகிறார் என்று வைத்துக்கொள். போனில் சொல்லாதே, அழுதுவிடுவாய், எழுதியே அனுப்பு. சீக்கிரம் அனுப்பு. வாலு தினமும் மணியடித்ததும் என் அறைக் கதவில் தலையை நீட்டி, ஆள் வந்துட்டாரா தையலம்மா என்று கேட்டுவிட்டுத்தான் வகுப்புக்குப் போகிறாள்.

உன் உச்சியில் ஒரு முத்தம் வைக்கும்,
உன் அம்மா